செங்கோட்டை – புனலூர் சாலையில் தினமும் பழைய பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வட்டாரத்தில் பழைய புல்லட்டையோ எஸ்டியையோ ஆர்எக்ஸ் 100ஐயோ வேலைக்குப் போகும் வண்டியாக வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் செங்கோட்டைக்காரன். 1980களில் வந்த புல்லட் 350 ஒன்றில் மலை தாண்டி வேலைக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்து வெளியே எடுப்பவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது. காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்பியே ஆகவேண்டும் என்பவர்களை நினைத்து எழுதியிருக்கிறேன்.

இந்தக் காலத்துல பழைய வண்டியை தினமும் ஓட்ட முடியுமா அண்ணாச்சி?

முடியும். இந்தப் பக்கம் நல்ல நிலையில் இருக்கும் பழைய வண்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் தினமும் ஓடுகிறவையாகத்தான் இருக்கும். நிறுத்தி வைக்கும் வண்டிதான் சீக்கிரம் கெடும், அதிலும் நம் ஊர்க் காற்றில். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கணவாய் வழியாகச் சாரல் வந்துகொண்டே இருக்கிறது. வண்டி நின்றால் எஞ்சினுக்குள் ஈரம் படியும். ரிங் சிலிண்டரோடு ஒட்டும். பிளக்குக்குப் பொறி வரவைக்கும் தொடுமுனையான சிபி பாயின்ட்டில் பச்சை பூக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் பிசினாகி, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். டேங்கின் அடியில் துரு பிடிக்கும். தினமும் அரை மணி நேரம் எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் இதில் பாதி நடக்கவே நடக்காது, உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும்.

சில நிபந்தனைகள் உண்டு. உங்கள் பயணம் மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் முடிகிறதாக இருக்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து புனலூர் சுமார் 50 கிலோமீட்டர். அந்த மலைச் சாலையில் அதைவிட வேகம் யாருக்கும் தேவையில்லை, எனவே இது பழைய வண்டிக்கு ஏற்ற சாலை. நான்கு வழிச்சாலையில் தினமும் 90ல் போகவேண்டியவருக்கு இந்த யோசனையே வேண்டாம் என்பேன். வாரத்தில் ஒரு மணி நேரம் வண்டிக்கு ஒதுக்க முடியாதவருக்கும் அதே பதில்தான்.

எந்த வண்டி வாங்கலாம்? புல்லட்டா, எஸ்டியா, ஆர்எக்ஸ்ஸா?

தினசரிப் பயன்பாட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது உதிரி பாகம் கிடைக்கிறதா என்பது. அந்தக் கணக்கில் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 முன்னால் நிற்கிறது. சென்னையில் 1955ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து அந்த எஞ்சினின் அடிப்படை மாறாமல் பல பத்தாண்டுகள் வந்தது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மில்லிமீட்டர், 346 சிசி. ஸ்ட்ரோக் நீளம் என்பதால் அடிவேகத்தில் இழுவை நிற்கும், புளியரையிலிருந்து கோட்டைவாசல் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அமைதியாக ஏறும். கேரளத்தில் புல்லட்டுக்கு இருக்கும் செல்வாக்கு உங்களுக்குத் தெரியும். புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று எங்கே நின்றாலும் அதைக் கழற்றத் தெரிந்த கை ஒன்று இருக்கும்.

எஸ்டி மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் வண்டி. அங்கே முதலில் ஜாவா என்ற பெயரில் வந்து, 1973லிருந்து எஸ்டி ஆனது. 1996ல் ஆலை மூடப்பட்டது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், இரட்டைச் சைலன்சர். ஓட்டுவதற்கு எனக்கு மிகப் பிடித்த பழைய வண்டி இதுதான், ஃபிரேம் அவ்வளவு உறுதி, வளைவில் கோடு மாறாது. ஆனால் இப்போது சந்தையில் கிடைக்கும் உதிரி பாகங்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் செய்தவை. தரம் ஒன்றுபோல இருக்காது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு ரிங் செட்டில் ஒன்று நன்றாக உழைக்கும், இன்னொன்று சீக்கிரமே கரையும். எஸ்டியைத் தினமும் ஓட்ட நினைப்பவர் தேவைப்படுவதற்கு முன்பே பாகங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 100 1985 முதல் 1996 வரை வந்தது. 98 சிசி, எடை குறைவு, ஊருக்குள் இதைப்போல வண்டி இல்லை. விலைதான் இப்போது நியாயத்தைத் தாண்டிவிட்டது. சேஸ் நம்பர் மாற்றி அடித்த வண்டிகளும் சுற்றுகின்றன, எண் பொறித்த இடத்தில் உலோகம் தேய்த்ததுபோல இருந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ராஜ்தூத் 350 கிடைத்தாலும் தினசரி வேலைக்கு வேண்டாம். பாகமும் கிடைக்காது, பெட்ரோலும் தாங்காது.

கேரளாவுல இருந்து கே.எல்.க்யூ. நம்பர் வண்டி ஒண்ணு வருது. வாங்கலாமா?

கொல்லத்தின் பழைய பதிவு எழுத்து அது. 1989ல் புதிய முறை வருவதற்கு முன்பு பதிவான வண்டி என்று பொருள். நம் பக்கம் இப்படி வண்டிகள் வருவது வழக்கம்தான். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர், கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் இன்றும் உண்டு.

வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த எண் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வருகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றின் விவரம் இன்னும் காகிதப் பதிவேட்டிலேயே இருக்கிறது. கணினியில் ஏறாத வண்டிக்கு எந்த வேலையும் நகராது. பதிவு செய்த அந்த அலுவலகமே பழைய பதிவைக் கணினியில் ஏற்றித் தரவேண்டும். விற்பவர் அதை முடித்துக் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள். 'நீங்க எடுத்துட்டுப் போங்க, அது தானா வந்துடும்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். தானாக வராது.

பிறகு, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைத் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவை மாற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு அந்தப் பக்க அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே தென்காசி அலுவலகத்தில் புது எண் கேட்க வேண்டும். வரியும் கட்ட வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர் உயிரோடு இல்லாமல் வாரிசுகள் விற்கிறார்கள் என்றால் வாரிசுச் சான்று கையில் வரும்வரை காத்திருங்கள்.

விண்டேஜ் பதிவு வாங்கினா கௌரவமா இருக்குமே?

தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனிதர்கள் சிலர் பெருமைக்காக இதை யோசிக்கிறார்கள்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, மூல வடிவத்தில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிகளுக்கு இது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை வழக்கமான பயணத்துக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய வண்டிகள் பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. அந்த எண்ணோடு வேலைக்குப் போனால் விதியை மீறுகிறீர்கள், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

உங்களுக்கு வேண்டியது சாதாரணப் பதிவு, விடாமல் புதுப்பித்த பதிவு. முதல் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் படிவம் 25ல் நீட்டிக்கிறார்கள். 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. காலாவதி ஆவதற்கு முன்பே போய்விடுங்கள்.

15 வருஷம் ஆன வண்டியை உடைக்கணும்னு சட்டம் வந்துடுச்சாமே?

டெல்லியிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் உள்ள தடையைக் கேட்டுவிட்டு இங்கே பலர் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ சொந்த இருசக்கர வண்டிக்கு வயதை வைத்து அப்படியொரு தடை இல்லை. பதிவு, காப்பீடு, புகைச் சான்று மூன்றும் உயிரோடு இருந்தால் ஓட்டலாம்.

புகைச் சோதனையில பாஸாகுமா?

டியூனிங் சரியாக இருந்தால் ஆகும். 2000 மார்ச் 31க்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. சான்று ஆறு மாதம் செல்லும். சோதனைக்கு வண்டியை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்துகொண்டு போங்கள்.

காப்பீடு கிடைக்குமா?

மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்கும். 2022ல் நிர்ணயித்த கட்டணப்படி 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், 75 முதல் 150 சிசிக்கு 714 ரூபாய், வரி தனி. முழுக் காப்பீட்டில் பழைய வண்டிக்கு அவர்கள் போடும் மதிப்பு மிகக் குறைவு, அதை நம்பி இருக்க முடியாது.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

கவனிக்காமல் விட்டால் கெடுக்கும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர், கார்க், பித்தளைப் பாகங்களை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. எத்தனால் பழைய ரப்பர் குழாயை ஊதவைக்கும், பிறகு வெடிக்கவைக்கும். பெட்ரோல் டேப்பில் உள்ள கார்க் உப்பி இறுகும். எஞ்சின் மேல் பெட்ரோல் கசிவது விளையாட்டல்ல, எனவே முதல் வேலையாக பெட்ரோல் குழாய், டேப் வாஷர், ஃப்ளோட் ஊசி மூன்றையும் எத்தனால் தாங்கும் புதுப் பொருளில் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஈரம். எத்தனால் காற்றிலிருக்கும் நீரை இழுக்கும். அளவு மீறியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். வண்டி முதலில் குடிப்பது அதைத்தான். ஆகவே மழைக்காலத்தில் டேங்கை நிரப்பி வையுங்கள், காற்றுக்கு இடம் குறையட்டும். மூடியின் வாஷர் புதிதாக இருக்கட்டும். இரண்டு நாளுக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டேப்பை மூடிவிட்டு கார்புரேட்டர் காலியாகும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள்.

மூன்றாவது, எத்தனால் சேர்ந்த பெட்ரோலுக்கு எரிய குறைந்த காற்று போதும். பழைய ஜெட்டில் கலவையில் பெட்ரோல் பற்றாமல் போய் எஞ்சின் அதிகம் சூடாகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்துச் சுண்ணாம்புபோல இருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டச் சொல்லுங்கள். காப்பி நிறத்தில் இருந்தால் தொடவேண்டாம்.

விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் தேவையில்லை. பழைய புல்லட்டின் அமுக்க விகிதம் 6.5தான், ஆக்டேன் கூடுவதால் அதற்கு ஒரு லாபமும் இல்லை.

புளியரை இறக்கத்துல டூ ஸ்ட்ரோக் வண்டி ஜாம் ஆகும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். காரணம் தெரிந்தால் தவிர்த்துவிடலாம். எஸ்டியில் எஞ்சினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்து வருகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடினால் பெட்ரோல் வராது, பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. கோட்டைவாசலிலிருந்து புளியரை வரை கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கினால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், பிஸ்டனுக்கோ எண்ணெய் இல்லை. ஏற்றத்தில் நன்றாகச் சூடேறிய உடனே இது நடப்பதால் ஆபத்து கூடுதல். ஆர்எக்ஸ் 100ல் ஆயிலுக்குத் தனி பம்ப் உண்டு. ஆனால் அதுவும் ஆக்ஸிலேட்டரோடு இணைந்ததுதான், மூடினால் மிகக் குறைவாகவே கொடுக்கும்.

இறங்கும்போது சில விநாடிக்கு ஒருமுறை ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்து மூடுங்கள். மேலே கோட்டைவாசலில் இரண்டு நிமிடம் நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டு இறங்குவது இன்னும் நல்லது. எஸ்டிக்குப் பலரும் லிட்டருக்கு 40 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலக்கிறார்கள், மலை ஏறும் வண்டிக்கு அதைக் குறைக்காதீர்கள். பங்கில் முதலில் ஆயில், அதன் மேல் பெட்ரோல், அப்போதுதான் நன்றாகக் கலக்கும்.

பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறக்குபவர்களை அந்த எஸ் வளைவில் பார்த்திருக்கிறேன். எதிரே ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாக ஏறி வரும் சாலை அது. தயவுசெய்து வேண்டாம்.

டிரம் பிரேக்கை நம்பி அந்த மலையில போகலாமா?

சரியாக அமைத்த டிரம் பிரேக்கை நம்பலாம். ஏனோதானோ என்று இருக்கும் டிரம்மை ஊருக்குள்ளும் நம்பக் கூடாது. பழைய வண்டி வாங்கியதும் எல்லோரும் பெயிண்ட்டுக்கும் குரோமுக்கும் செலவழிக்கிறார்கள். பிரேக் முடியும்வரை வேறு எதற்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். உள்வட்டம் முட்டைபோலக் கோணியிருக்கும், அதை லேசாகக் கடைந்து வட்டமாக்கச் சொல்லுங்கள். ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி, அந்த டிரம்மின் வட்டத்துக்கே தேய்த்துப் பொருத்த வேண்டும். லைனிங்கின் முழுப் பரப்பும் படாமல் நுனி மட்டும் படும் பிரேக்தான் நிற்காத பிரேக். ஷூவை விரிக்கும் கேமுக்குக் கொஞ்சம் கிரீஸ், லைனிங்கில் ஒரு துளிகூடப் படாமல். பிரேக்கை அழுத்திய நிலையில் டிரம்முக்கு வெளியே இருக்கும் கைக்கும் இழுக்கும் கம்பிக்கும் இடையே செங்கோணம் வந்தால் இழுவை முழுமையாகக் கிடைக்கும். பழைய வண்டிகளில் அந்தக் கோணம் எப்போதோ தாண்டிப் போயிருக்கும். முன் பிரேக் கேபிள் புதிதாக, நல்லதாக இருக்கட்டும்.

இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் டிரம் சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லிவர் கைப்பிடி வரை வந்துவிடும். வளைவுக்கு முன் பிடித்து, விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும். மழையில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் முதல் பிடியில் ஒன்றும் நடக்காது. தேங்கிய நீரைக் கடந்ததும் லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

வலது கால் கியர் பழகுமா? வீட்டுல புது வண்டியும் இருக்கு.

ஒரு வாரத்தில் பழகும். ஆனால் இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவருக்குத்தான் உண்மையான ஆபத்து. பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மேலே தூக்கினால் முதல் கியர், கீழே மிதித்தால் இரண்டு, மூன்று, நான்கு. சாதாரண நேரத்தில் மூளை சரியாகவே செய்யும். குறுக்கே நாய் வரும்போது கால் பழைய பழக்கத்துக்குப் போகும். பிரேக் என்று நினைத்து வலது காலை மிதிப்பீர்கள், கியர் மாறும், வண்டி நிற்காது.

ஆபத்தில் முன் பிரேக் கை இரண்டு வண்டியிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை முதலில் பிடிக்கும் பழக்கத்தை ஆளில்லாத இடத்தில் பலமுறை செய்து உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் தம்பியோ மகளோ எப்போதாவது எடுப்பார்கள் என்றால், அவர்களுக்கு இந்த வண்டியைச் சும்மா சாவி கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு முழு மாலை கூட உட்கார்ந்து பழக்குங்கள்.

கிக்கர் திருப்பி அடிச்சு கணுக்கால் போயிடும்னு அம்மா பயப்படுறாங்க.

அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் ஒழுங்காக டைமிங் (பிளக்கில் பொறி வரும் நேரம்) வைத்த புல்லட் திருப்பி அடிப்பது அரிது. டைமிங் முன்னே போயிருந்தால்தான் அடிக்கும், ஆகவே அடித்தால் காலைத் திட்டாமல் பாயின்ட்டைப் பாருங்கள். முறை இதுதான். சாவி போட்டு, கிக்கரை இறுகும்வரை மெதுவாக அழுத்துங்கள். எஞ்சின் அமுக்கத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடையோடு முழு வீச்சில் ஒரே மிதி. பாதி மிதி மிதிப்பவரைத்தான் அது திருப்பி அடிக்கும். செருப்புக் காலோடு மிதிக்க வேண்டாம்.

மழைக்காலத்துல என்ன செய்யறீங்க?

நம் சாலையின் பெரிய கேள்வி இதுதான். செங்கோட்டையில் சாரல், கோட்டைவாசல் தாண்டினால் கொட்டும் மழை, தென்மலையில் வெயில் என்று ஒரே காலையில் மூன்றையும் பார்க்கலாம். பழைய வண்டி மழையில் நின்றால் பத்தில் ஒன்பது தடவை மின்சாரம்தான் காரணம்.

பாயின்ட் மூடியின் கேஸ்கெட்டை மாற்றுங்கள், அது சின்னக் காகிதம்தான், அது இல்லாததால் நின்ற வண்டிகள் ஏராளம். பிளக் கேப் ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். அதன் மேல் பழைய சைக்கிள் ட்யூப் துண்டை இழுத்து மாட்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது. காயிலிலிருந்து வரும் பிளக் ஒயர் வயதானால் இருட்டில் அதன் மேல் நீலப் பொறி ஓடுவது தெரியும், அப்படித் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். பாயின்ட் இடைவெளி புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சிகரெட் அட்டையை வைத்து அளப்பதை நிறுத்துங்கள். பாயின்ட் கருகிக்கொண்டே இருந்தால் அதைத் தேய்த்துப் பயனில்லை, கண்டென்சர் போயிருக்கிறது.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வேர்த்து, மழையில் நனைந்ததைவிட மோசமாகத் துருப் பிடிக்கும். கூரை இருந்து காற்றோட்டம் இருந்தால் போதும். ஆடியில் தென்காசிப் பக்கம் குறுக்குக் காற்று பலமாக அடிக்கும். பெரிய பக்கப் பெட்டிகளைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஆறு வோல்ட் விளக்குல ராத்திரி ஓட்ட முடியுமா?

ஆரியங்காவு காட்டுக்குள் முடியாது. 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். ஆல்டர்னேட்டர் காயில், ரெகுலேட்டர், பேட்டரி, பல்பு, ஹாரன் எல்லாம் சேர்ந்து மாறவேண்டும். பல்பை மட்டும் மாற்றினால் எரியாது. பின் விளக்கும் பிரேக் விளக்கும் முன் விளக்கைவிட முக்கியம் என்பது என் கருத்து, பின்னால் வருவது லாரி.

ஒரிஜினலா வைக்கணுமா, மாத்தலாமா?

தினமும் ஓட்டுபவர் வெளியே தெரியாத முன்னேற்றங்களைத் தயங்காமல் செய்யலாம். 12 வோல்ட், எலக்ட்ரானிக் இக்னிஷன், நல்ல செயின், புது டயர் எல்லாம் சரி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் தயாரித்த வாரமும் ஆண்டும் இருக்கும், தரையில் படும் பூ (வரிகள்) அழியாவிட்டாலும் பழைய ரப்பர் மழையில் வழுக்கும். ஃபிரேமை வெட்டி ஒட்டுவது, ஹேண்டில்பாரை வானத்துக்குத் தூக்குவது, சைலன்சரைக் குடைவது எல்லாம் சட்டப்படியும் தவறு, வண்டிக்கும் நல்லதல்ல. டெலிவரி ஆனபோது இருந்த பாகத்தை மட்டும் தூக்கி எறியாதீர்கள், துடைத்து எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள்.

கேரளா பக்கம் போலீஸ் தொல்லை இருக்குமா?

காகிதம் சரியாக இருந்தால் இல்லை. பழைய வண்டியை நிறுத்துபவர்களில் பாதிப் பேர் 'எந்த வருஷ மாடல்' என்று ஆசையாகக் கேட்கத்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் மாற்றிய சைலன்சர், கண்ணைக் கூசும் கூடுதல் விளக்கு இரண்டுக்கும் அங்கே இரக்கம் கிடையாது. 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமராவும் வேலை செய்கிறது. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், எல்லை தாண்டியதும் போட்டுக்கொள்ளலாம் என்று கையில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அவர் பட்டறையில் முடிந்து வெளியே போகும் பழைய வண்டிகளின் சத்தத்தைக் கேளுங்கள். ஐடிலிங் சீராக இருக்கிறதா, டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தம் அடங்கியிருக்கிறதா பாருங்கள். கேட்காமலே போர் போட (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சிலிண்டரை எத்தனை முறை கடையலாம் என்பதற்கு எல்லை உண்டு, வெட்டிய உலோகம் திரும்ப வராது. ஒருவரைப் பிடித்துவிட்டால் பத்து ரூபாய் குறைவு என்று இன்னொருவரிடம் போகாதீர்கள், வண்டியின் வரலாறு ஒரே கையில் இருப்பது பெரிய பலம். இந்த வேலை தெரிந்தவர்கள் பலர் வயதானவர்கள். அவர்கள் கழற்றும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள், கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கிடைக்காத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு மணி நேரம். ஆயில் மட்டம், செயின் தொய்வு, காற்று, இரண்டு பிரேக், எல்லா நட்டும் ஒருமுறை. ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் நட்டுகள் தளர்ந்துகொண்டே இருக்கும், நம்பர் பிளேட்டும் சைலன்சர் கிளாம்ப்பும் முதலில் கழலும். புல்லட்டின் டேப்பெட்டைக் குளிர்ந்த எஞ்சினில் பாருங்கள், புஷ்ராட் விரலால் சுற்றவேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆயில் 20டபிள்யூ-50 போதும், சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுவது நல்லது.

வழியில நின்னுட்டா என்ன பண்றது?

ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், பாயின்ட் செட், கண்டென்சர், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், செயின் லாக், ஃபியூஸ், பல்பு, கொஞ்சம் கட்டுக்கம்பி. இவ்வளவும் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் அடங்கும், இவற்றைக் கொண்டு சாலையோரத்தில் சரி செய்ய முடியாத கோளாறு மிகக் குறைவு. கேபிள்களைப் பழைய கேபிளோடு சேர்த்து முன்கூட்டியே இழுத்துக் கட்டி வைத்திருப்பவர்களும் உண்டு, அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும்.

அப்படியும் கிளம்பவில்லை என்றால் அந்தச் சாலையில் யாரும் தனியாகிவிடுவதில்லை. கேரள அரசுப் பேருந்துகள் போய்க்கொண்டே இருக்கும், அகலப் பாதையாக்கிய பிறகு 2018லிருந்து மலை வழி ரயிலும் மீண்டும் ஓடுகிறது. அதிகாரியிடம் நேரம் தவறக்கூடாத நாள் என்றால் அந்த அட்டவணையைக் கையில் வைத்திருங்கள். காடு உள்ள பகுதியில் இருட்டிய பிறகு வண்டியோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம், ஆரியங்காவிலோ கழுதுருட்டியிலோ தெரிந்த ஒரு கடை வாசலில் பூட்டிவிட்டு ஊருக்கு வந்துவிடுங்கள். மறுநாள் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும் மினி வேன்காரரிடம் கேட்டால் செங்கோட்டை வரை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். முன் சக்கரத்தைக் கயிற்றால் இரு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள், பெட்ரோல் டேப்பை மூட மறக்காதீர்கள்.